மலாய் 'டுயிட்' நம் துட்டிலிருந்து போனதா, இரண்டுமே டச்சுக்காரன் காசா?

பினாங்குக்காரன்:

மலாயில் இருக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றிய இன்னொரு இழையில் ஒரு நண்பர் நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'கப்பால்' ஆனது, கோயில் 'குயில்' ஆனது, வியாபாரத்தில் போடும் முதல் 'மோடால்' ஆனது. எல்லாம் சரி. அதே மூச்சில் 'நம் துட்டைத்தான் மலாய்க்காரர்கள் டுயிட் என்கிறார்கள்' என்றும் எழுதிவிட்டார், கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. அதனால்தான் இந்தத் தனி இழை.

டுயிட் என்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னச் செம்புக் காசின் பெயர். டச்சு மொழியிலும் அதே பெயர்தான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் வேறு. 1619-இல் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவைப் பிடித்தார்கள், 1641-இல் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு மலாக்காவைப் பிடித்தார்கள். ஜாவாவிலும் சுமத்திரா கரையிலும் மலாக்காவிலும் சந்தையில் மீன் வாங்க, வெற்றிலை வாங்கக் கையில் இருந்தது அந்தக் காசு. காசின் பெயரே பணத்துக்கும் பெயராகிவிட்டது. இன்றைக்கும் இங்கே வங்கிப் படிவத்தில் 'வாங்' என்று இருக்கும், வாயில் வருவது டுயிட்தான். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது டுயிட் ராயா, லஞ்சம் என்றால் டுயிட் கோப்பி. இந்தோனேசியாவிலும் அப்படியே, பணத்தாசை பிடித்தவனை 'மாத்தா டுயிட்டான்' என்பார்கள், கண்ணெல்லாம் பணமாய் இருப்பவன் என்று.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் துட்டும் மலாய் டுயிட்டும் அண்ணன் தம்பி. ஒன்று இன்னொன்றைப் பெறவில்லை. இரண்டுக்கும் தகப்பன் டச்சுக் காசு.

சொல்லாய்வி:

ஐயா, எதைக் கண்டாலும் வெள்ளைக்காரன் தந்தது என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. டச்சுக்காரன் கப்பல் ஏறுவதற்கு எண்ணூறு ஆண்டு முன்பே நம் வணிகர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. சுமத்திராவின் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. நீங்களே எழுதினீர்கள், கடையும் கப்பலும் முதலும் நம்மிடமிருந்து போயின என்று. கடையைக் கொடுத்தவன், முதலைக் கொடுத்தவன், கல்லாவில் விழும் துட்டை மட்டும் கொடுக்காமலா இருந்திருப்பான்?

துட்டு என்பதற்குத் தமிழிலேயே வேர் இருக்கிறது. துண்டு, துணுக்கு, துளி, துகள் எல்லாம் சிறியதைக் குறிக்கும் சொற்கள். வெட்டிய சிறு உலோகத் துண்டு துட்டு. இதற்கு டச்சுக்காரனைக் கூப்பிட வேண்டியதில்லை.

நாணயப்பெட்டி:

நான் பழைய காசு சேர்ப்பவன், அதனால் காசிலிருந்தே பேசுகிறேன். என்னிடம் இருக்கும் டுயிட்டுகள் நம் பழைய ஓரணாவை விடக் கொஞ்சம் சின்னவை, மூன்று கிராம் அளவுதான் வரும். ஒரு பக்கம் பெரிய 'வி' எழுத்து, அதன் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சி' பின்னிக்கொண்டிருக்கும். அதுதான் கம்பெனி முத்திரை. கீழே ஆண்டு. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், அதற்குள் எந்த மாகாணம் அடித்ததோ அதன் சின்னம். தேய்ந்துபோன காசிலும் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த முத்திரை போட்ட டுயிட் 1726-இலிருந்து வருகிறது, அதற்குக் காரணமும் உண்டு. ஹாலந்தில் எட்டு டுயிட் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர், அது டுயிட்டுக்கு மேலே உள்ள டச்சுக் காசு. கிழக்கே நாலு டுயிட்டுக்கே ஒரு ஸ்டைவர். அதே செம்பு, கடல் தாண்டினால் இரண்டு மடங்கு மதிப்பு. மாலுமியும் குமாஸ்தாவும் சும்மா இருப்பார்களா, ஊர்க் காசைப் பெட்டி பெட்டியாகக் கடத்திவந்தார்கள். அந்த லாபம் தன்னைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்று கம்பெனி தன் முத்திரையைப் போட்டது. அதற்கப்புறம் கணக்கில்லாமல் அடித்து அனுப்பினார்கள். ஜாவாக் கிராமத்து ஏழைக்கும் தெரிந்த முதல் ஐரோப்பியக் காசு அதுவாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

சொல்லாய்வி ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஐந்நூற்றுவர் கொண்டுபோன சொல் என்றால் மலாக்கா சுல்தான்கள் காலத்தில், அதாவது 15-ஆம் நூற்றாண்டில், அது புழங்கியிருக்க வேண்டும். அந்த அரண்மனையிலேயே தமிழ் வணிகர்களுக்குச் செல்வாக்கு இருந்ததே. ஆனால் அவர்கள் அடித்த வெள்ளீயக் காசுக்குப் பெயர் 'பித்திஸ்'. கணக்குப் போட்டது 'குப்பாங்', 'தாஹில்', 'எமாஸ்' என்று. டுயிட் எங்கே?

சொல்லாய்வி:

எழுத்தில் இல்லாததால் பேச்சில் இல்லை என்று ஆகிவிடாது. அரசன் அடித்த காசுக்கு ஒரு பெயர் இருக்கும், சந்தையில் இன்னொரு பெயர் இருக்கும். ரிங்கிட் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, பினாங்கில் நீங்கள் எல்லாரும் 'பத்து வெள்ளி' என்றுதானே சொல்கிறீர்கள்? நாளைக்கு ஒருவன் வந்து, ரிங்கிட் தாளில் வெள்ளி என்ற சொல் இல்லை, எனவே மலேசியத் தமிழர் அந்தச் சொல்லையே பேசவில்லை என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

பினாங்குக்காரன்:

வெள்ளி நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. வெள்ளி என்று ஏன் சொல்கிறோம்? கையில் வந்த டாலர் வெள்ளிக் காசாக இருந்தது, அதனால். ரிங்கிட் என்பதும் அப்படித்தான். பல் பல்லாக வெட்டின விளிம்பு என்று அதற்குப் பொருள், ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் காசுகளிலேயே தூண் போட்டதை 'ரிங்கிட் மெரியாம்' என்றார்கள், தூண் அவர்கள் கண்ணுக்குப் பீரங்கி மாதிரி தெரிந்தது. மெக்சிகோ கழுகு போட்டது 'ரிங்கிட் புரோங்', பறவை ரிங்கிட். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1895 முதல் அடித்த பிரிட்டிஷ் வணிக டாலரில் பிரிட்டானியா சூலத்தோடு நிற்பாள், அது 'ரிங்கிட் தொங்காட்', தடி ரிங்கிட். அதன் மறுபக்கத்தில் சீன எழுத்தில் 'ஒரு யுவான்' என்றும், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் 'ஒரு ரிங்கிட்' என்றும் பொறித்திருக்கும், 1975-இல் அரசு அந்தப் பெயரைச் சட்டமாக்கியதற்கு எண்பது வருஷம் முந்தி.

இந்த மண்ணில் கையில் பிடித்த காசிலிருந்துதான் சொல் வரும். டுயிட்டும் அப்படி வந்தது. டச்சுக்காரன் போன பிறகும் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு இன்னொன்று. சிங்கப்பூர் வியாபாரிகள் இங்கிலாந்தில் அடித்து வரவழைத்த செம்பு வில்லைகள் உண்டு, ஒரு பக்கம் சேவல், 'தானா மெலாயு' என்ற ஜாவி எழுத்து, இன்னொரு பக்கம் 'ஒரு கெப்பிங்' என்று மதிப்பும் ஹிஜ்ரி 1247-உம், அதாவது 1831. அதில் எங்கேயும் டுயிட் என்று எழுதவில்லை, அடித்ததும் டச்சுக்காரன் இல்லை. ஆனாலும் ஜனங்கள் அதை 'டுயிட் ஆயாம்' என்றார்கள், கோழிக்காசு என்று. அதற்குள் செம்புக் காசு எதுவானாலும் டுயிட் என்று ஆகியிருக்கிறது.

மைசூர்வாசி:

நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழன். இங்கே இரண்டு பேரும் தமிழையும் மலாயையும் மட்டும் பார்க்கிறீர்கள். கன்னடத்தில் பணத்துக்கு அன்றாடச் சொல்லே 'துட்டு' தான், ஆனால் உச்சரிப்பு 'duddu' மாதிரி, இரட்டை டகரம் மெலிந்து வரும், லட்டு என்று நாம் எழுதுவதை அவர்கள் சொல்வார்களே, அந்த டகரம். தெலுங்கிலும் அதே மெலிந்த ஓசை. மைசூரில் டச்சுக்காரன் எப்போது இருந்தான்? ஆந்திராவில் கரையோரம் மச்சிலிப்பட்டினத்தில் கிடங்கு வைத்திருந்தான், சரி. உள்நாட்டுக் கன்னடக் கிராமத்தில் உழுகிறவன் வாய்க்கு அந்தச் சொல் எப்படி வந்தது?

அதை விட முக்கியம், டச்சுச் சொல்லின் கடைசி எழுத்து வல்லோசை. அது கன்னடத்துக்குள் வந்தால் வல்லோசையாகவே இரட்டித்திருக்க வேண்டும், கன்னடத்தில் அதற்குத் தடையே இல்லை. தமிழிலிருந்து போயிருந்தாலும் அப்படித்தான். மெலிந்து வருகிறது என்றால் அது கன்னட, தெலுங்குச் சொந்தச் சொல்லாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆங்கிலக் கும்பெனிக் காலத்துச் சென்னைக் கணக்கிலேயே பத்துக் காசு ஒரு 'டூடு', எண்பது காசு ஒரு பணம் என்று இருந்தது. டச்சு டுயிட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சொல்லாய்வி:

மைசூர்வாசி அவர்களுக்கு நன்றி. மூன்று திராவிட மொழிகளில் ஒரே சொல், ஒரே பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்? 'துட்டுக்கு எட்டு சட்டி வாங்கி, சட்டி எட்டுத் துட்டுக்கு விற்றாலும் வட்டிக்கு ஈடாகாது' என்று பாட்டிமார் சொல்வார்கள். ஒரு சொல் பழமொழிக்குள் இப்படிப் போய் உட்கார எத்தனை தலைமுறை வேண்டும்!

வடமராட்சி:

இரண்டு தலைமுறை போதும் ஐயா. எங்கட ஊரில் அலுவலகத்துக்குக் கந்தோர் என்று சொல்லுவோம், டச்சுச் சொல்தான். பத்திரம் எழுதுகிறவர் நொத்தாரிசு, அதுவும் டச்சுத்தான். கேட்டால் எங்கட சனம் பரம்பரைத் தமிழ் என்றுதான் நினைக்கும். யாழ்ப்பாணத்தை 1658-இல் பிடித்தவன் 1795 வரைக்கும் இருந்தான். அதே 1658-இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அவன் கைக்குப் போயின, பழவேற்காட்டில் அதற்கு முன்னமே கோட்டை கட்டிவிட்டான். தமிழ்க் கரை முழுக்க அவன் கடை போட்டிருந்த காலம் நூறு வருஷத்துக்கு மேல்.

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டச்சு உயிரோசை 'உய்' மாதிரி, அது தமிழில் துயிட்டு என்றல்லவா வந்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்பீர்கள். கக்கூஸ் என்ற சொல்லைப் பாருங்கள். அது டச்சுச் சொல் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை, அதன் பின்பாதி 'வீடு' என்று பொருள்படும் டச்சுச் சொல், அதிலும் இதே உயிரோசைதான். தமிழில் அது வெறும் 'ஊ' ஆனது. மலாயிலும் 'காக்குஸ்', சிங்களத்திலும் 'கக்குஸ்ஸிய'. அப்படியென்றால் டுயிட் துட்டு ஆவது நேர்வழி. கடைசி வல்லெழுத்து இரட்டித்து உகரம் சேர்வது கோட்டு, பிளேட்டு என்று இன்றைக்கும் நடக்கிறது.

சிங்களத்தில் இன்னொரு சாட்சி. 'துட்டு தெகே' என்பார்கள், இரண்டு துட்டுப் பெறுமதியானது, அதாவது ஒன்றுக்கும் உதவாதது. அதில் முதல் எழுத்து வல்லோசைத் 'து'. சிங்களத்தில் மெலிந்த 'து'வும் தாராளமாக உண்டு, டச்சிலிருந்து நேரே எடுத்திருந்தால் மெலிந்ததாகத்தான் எடுத்திருப்பார்கள். வல்லோசையில் இருப்பதால், தமிழன் வாயில் கேட்டு எடுத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பினாங்குக்காரன்:

வடமராட்சி அண்ணன் சொன்ன ஓசைக் கணக்கு இங்கே ஹொக்கியன் சீனத்திலும் இருக்கிறது. பினாங்குச் சீனர்கள் பணத்தை 'லுய்' என்பார்கள், கையில் காசில்லை என்றால் 'போ லுய்'. மலாய் டுயிட்டுதான் லுய் ஆனது என்பது பெரும்பாலோர் கருத்து. ஹொக்கியனில் நம் மெல்லிய டகரம் இல்லை, அவர்களுடைய லகரம்தான் அதற்குப் பக்கத்தில் வரும். 'உய்' என்ற ஓசைக்குப் பின்னால் ஒரு டகரம் வந்து முடிவதும் அந்த மொழியில் முடியாது, அதனால் கடைசி எழுத்து உதிர்ந்தது.

சொல்லாய்வி:

அதையும் மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செப்புக் காசுக்கு ஹொக்கியனிலேயே பழைய சொல் அது என்று சொல்லும் சீன அறிஞர்கள் உண்டு. நான் சொல்ல வருவது இதைத்தான். ஒவ்வொரு மொழிக்காரனும் தன் சொல்லுக்காக நிற்கிறான், தமிழன் மட்டும்தான் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுகிறான். டச்சு டுயிட்டுக்கே வேர் என்ன தெரியுமா? வடக்கு ஐரோப்பாவின் பழைய மொழியில் வெட்டிய சிறு துண்டு என்ற பொருளுள்ள சொல் என்கிறார்கள். நான் துட்டுக்குச் சொன்ன அதே பொருள். இது உங்களை ஒரு நிமிடமாவது யோசிக்க வைக்க வேண்டாமா?

நாணயப்பெட்டி:

யோசித்தேன் ஐயா. வெட்டிய துண்டு என்ற பொருள் காசுக்கு எந்த ஊரிலும் வரும், ஏனென்றால் ஆதியில் எல்லா ஊரிலும் உலோகத்தை வெட்டித்தான் எடை போட்டார்கள். பொருள் ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. ஆங்கிலத்தில் 'டாய்ட்', ஜெர்மனில் 'டாய்ட்', இரண்டுமே ஒரு சல்லிக்குப் பிரயோஜனமில்லை என்று சொல்ல வருபவை, அவை டச்சிலிருந்து போனவை என்பதற்குப் பக்கத்து ஊர்ச் சந்தையும் காசும் சாட்சி. துண்டு துட்டு ஆனதற்கு அப்படி ஒரு காசைக் காட்டுங்கள்.

சோழர் கல்வெட்டுகளில் காசு உண்டு, ஈழக்காசு உண்டு, மாடை, பணம், அச்சு, கழஞ்சு எல்லாம் உண்டு. வரிக்கும் தண்டத்துக்கும் விளக்கு நெய்க்கும் அணு அணுவாகக் கணக்கு எழுதின மக்கள். நான் படித்த கல்வெட்டுத் தொகுதிகள் எதிலும் துட்டு என்ற காசு என் கண்ணில் படவில்லை. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன் அடித்த சின்னச் செம்புக் காசில் தமிழ் எழுத்தில் 'நாகபட்டணம்' என்றே பொறித்தான், ஒரு பக்கம் அம்மன் உருவம். உள்ளூர்க்காரனுக்குப் பிடித்த மாதிரி காசு அடிக்கத் தெரிந்தவன் அவன். அவன் காசுப் பெயர் உள்ளூர் வாயில் ஏறியதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மைசூர்வாசி:

தமிழுக்கும் மலாய்க்கும் நீங்கள் சொல்வதை நான் எதிர்க்கவே இல்லை. மலாய்ச் சொல் டச்சு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஓசை, காலம், காசு மூன்றும் பொருந்துகிறது. கன்னட டகரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதை மட்டும் நினைவூட்டுகிறேன். இரண்டு வேறு சொற்கள் ஒரே கரையில் மோதி ஒன்றாகியிருக்கலாம். உள்நாட்டில் ஏற்கெனவே ஒரு 'துட்டு' இருந்து, கரையில் டுயிட் வந்தபோது இரண்டும் ஒன்று என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். சென்னை 'டூடு' பத்துக் காசாக இருந்ததும், டச்சு டுயிட் ஸ்டைவரில் நாலில் ஒன்றாக இருந்ததும் அப்போது சண்டை போடாது.

வடமராட்சி:

அப்படி இருந்திருந்தால் தமிழில் 'து'வும் கன்னடத்தில் மெலிந்த 'து'வும் சரிதான், டகரமும் விளங்கும். ஆனால் அந்த உள்நாட்டுத் துட்டு 1600-க்கு முன் எங்காவது ஓலையிலோ கல்லிலோ இருக்க வேண்டுமே. கன்னடக் கல்வெட்டு தமிழை விடக் குறைவில்லை.

சொல்லாய்வி:

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து தேடத் தொடங்கலாம். புதுச்சேரியில் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை அவரைப் போல எழுதியவர் யாரும் இல்லை.

நாணயப்பெட்டி:

நாட்குறிப்பு 1736-இல் தொடங்குகிறது. அதற்குள் டச்சுக்காரன் பழவேற்காட்டுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, முத்திரை போட்ட டுயிட் வந்தே பத்து வருஷம் ஆகிவிட்டது. அதில் துட்டு என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தாலும் உங்கள் கட்சிக்கும் உதவாது, எங்கள் கட்சிக்கும் உதவாது. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள் ஐயா, தமிழிலும் கன்னடத்திலும். சுங்க வரி, சந்தை வரி பற்றிய கல்வெட்டுகள் அங்கேதான் அதிகம், சில்லறைக் காசுகளின் பெயர் வருவதும் அங்கேதான். மைசூர்வாசி கன்னடப் பக்கம் பார்த்தால் நான் தமிழ்ப் பக்கம் பார்க்கிறேன்.

மைசூர்வாசி:

பார்க்கிறேன். மைசூர்ப் பகுதிக் கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து தொடங்குகிறேன். கிடைத்தால் கல்வெட்டின் வரியோடு இங்கேயே போடுகிறேன்.